வால் முளைத்த சொற்கள்

கோவில்பட்டியிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "நான் எட்டாவது வரை தமிழிலே படித்தவள். மகள் இங்கிலீஷ் மீடியம். பாடம் சொல்லிக் கொடுக்கப் போனால், 'அட்வர்ப் எல்லாம் உனக்குத் தெரியாதம்மா' என்கிறாள். இப்போது பக்கத்தில் உட்காருவதையே விட்டுவிட்டேன். நான் செய்தது சரிதானா?"

சரியில்லை, அம்மா! அட்வர்ப் என்பது நம் வினையடைதான். காரியம் எப்படி நடந்தது என்று சொல்கிற சொல். 'மெது'வோடு 'ஆக' சேர்ந்தால் 'மெதுவாக'. 'ஸ்லோ'வோடு 'லி' சேர்ந்தால் 'ஸ்லோலி'. இரண்டும் வால் ஒட்டும் வேலையே.

அந்த 'லி' எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய இங்கிலீஷில் உடலுக்கு 'லிச்' என்று பெயர். 'அந்த வடிவில்' என்ற பொருளில் ஒட்டி, தேய்ந்து 'லி' ஆயிற்று. பிரெஞ்சுக்காரர் ஒட்டும் 'மான்', மனம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் 'ஆக'வோ 'ஆதல்' என்ற வினையின் பிள்ளை. ஒருவருக்கு உடல், ஒருவருக்கு மனம், நமக்குச் செயல்!

கரிசல் பேச்சிலே 'வெரசா வா' என்கிறீர்களே, அந்தக் கடைசி 'ஆ'வும் 'ஆக' தேய்ந்ததுதான். 'பொசுக்குன்னு' என்பதில் 'என்று' ஒளிந்திருக்கிறது. ஆனால் 'பைய' என்ற சொல்லுக்கு வாலே வேண்டாம். பட்டிக்காட்டுப் பேச்சு என்று கூச்சப்படாதீர்கள். திருக்குறளிலேயே இருக்கிற சொல் அது. பக்கத்து இடைசெவலில் பிறந்து 2021-ல் மறைந்த கி. ராஜநாராயணன், கரிசல் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தாரே!

இங்கிலீஷிலும் அப்படி வால் வேண்டாத சொற்கள் உண்டு. 'ஃபாஸ்ட்' ஒன்று. 'ஹார்ட்' இன்னொன்று. 'ஷீ வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் பாடுபட்டு உழைக்கிறாள். 'ஷீ ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றாலோ, அநேகமாக வேலையே செய்வதில்லை என்று அர்த்தம்! வேலைக்கு மனுப் போடும் பெண் இந்த இடத்தில் தடுமாறினால் என்ன ஆவது? 'ஃப்ரெண்ட்லி'யும் ஏமாற்றும், வால் இருந்தும் அது வினையடை அல்ல, பெயரடை.

எழுத்துக்கூட்டலுக்கு மூன்று விதிகளைச் சொல்லிக் கொடுங்கள். 'ஹாப்பி'யின் கடைசி 'ஒய்', 'ஐ' ஆகும். 'பியூட்டிஃபுல்'லில் இருக்கும் 'எல்'லோடு வாலின் 'எல்' சேர்ந்து இரண்டாகும். 'ஜென்டில்', கடைசி 'ஈ'யை விட்டு 'ஜென்ட்லி' ஆகும்.

அசை பிரிக்கக் கை தட்டினாலே போதும். ஸ்லோ-லி, இரண்டு தட்டு. ஹாப்-பி-லி, மூன்று. பியூ-டி-ஃபு-லி, நான்கு. வால் எப்போதும் தனித் தட்டு. ஆனால் 'ஜென்-டில்' இரண்டு, 'ஜென்ட்-லி'யும் இரண்டே! வால் வந்ததும் நடுவிலே ஓர் அசை விழுங்கப்படுகிறது.

இதையே தமிழ் யாப்பு வேறு விதமாய் எண்ணும். 'மெதுவாக' என்பதில் இங்கிலீஷ் கணக்குப்படி நான்கு தட்டு. நம் கணக்கில் இரண்டு குறில் சேர்ந்து ஒரே நிரையசை. ஆகவே மெது-வா-க, மூன்று அசை. நிரை, நேர், நேர்: புளிமாங்காய்! இது மகளுக்குத் தெரிந்திராது.

இன்று மாலையே பக்கத்தில் போய் உட்காருங்கள். அவள் 'லி' போட்டுப் பத்துச் சொல் சொல்லட்டும். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் 'ஆக' போட்டுப் பதில் சொல்லுங்கள். யாருக்கு யார் பாடம் சொல்கிறார்கள் என்பது இருவருக்குமே மறந்து போகும்.