எது கொச்சை?

கொல்லிமலையில் திருப்புலி நாட்டுக் குழந்தை ஒன்று வாயைத் திறந்து பேசினால், கீழே இருந்து மலையேறிப் போகிற நமக்கு முதலில் காதில் விழுவது அது சொல்ல வந்த விஷயமல்ல, அதன் 'கொச்சை'தான். உடனே, "அப்படிச் சொல்லக் கூடாது, இப்படிச் சொல்லு" என்று ஆரம்பித்துவிடுகிறோம். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை குழந்தை பேசுவதில்லை. "மலைப் பிள்ளைகளுக்குக் கூச்சம் அதிகம்" என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்!

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி நாம் சுமந்து செல்லும் கல்வி இதுதானா?

அந்த மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாரல்ல, மலையில் வாழ்கிறவர்கள். தாய்மொழி தமிழ். எந்த வழக்குப் பேச்சுக்கும் தனக்கென ஓர் ஒழுங்கு உண்டென்பது மொழியியலின் அரிச்சுவடி. சென்னைக்காரர் தம் வீட்டில் பேசுவது மட்டும் செந்தமிழா, என்ன?

பிறந்த இரண்டு மூன்று நாட்களிலேயே குழந்தை தாயின் குரலை இனம் கண்டுகொள்கிறது. 1980-ல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அதற்கப்புறம் குழந்தைக்கு வேண்டியது பதில். அது 'ங்கா' என்றால் யாராவது 'ங்கா' என்க வேண்டும். "நாயி ஓடிச்சி" என்றால், "ஆமா, கறுப்பு நாயி ஓடிச்சி. எங்கே ஓடிச்சி?" என்று கேட்க வேண்டும். சாமை புடைத்துக்கொண்டே ஒரு மலைத் தாயால் இதைச் செய்ய முடியும். அவள் பேச்சு மட்டம் என்று அவளையே நம்ப வைத்துவிட்டால், யார் செய்வார்கள்?

"பள்ளிக்கூடத்தில் பின்தங்கிவிடாதா?" என்பார்கள். தாய்மொழியில் தொடங்குவதே நல்லது என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது. 1914-ல் பிறந்து, ஒன்பது வயதுவரை இதே கொல்லிமலையில் வளர்ந்தவர்தான் வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட். பாதிரியார் வீட்டுப் பிள்ளை. வீட்டில் ஆங்கிலமும் வெளியே தமிழுமாக வளர்ந்தார். இரண்டு பேச்சும் சேர்ந்து அவர் மூளையைக் குழப்பிவிடவில்லை. வெள்ளைக்காரக் குழந்தை பேசினால் மழலை, மலைக் குழந்தை பேசினால் கொச்சை!

பட்டணத்து வாசகர்களே, நீங்கள் தப்பித்ததாக எண்ண வேண்டாம். விருந்தாளி வந்ததும், "அங்கிளுக்கு ரைம் சொல்லு" என்கிறீர்கள். அவர் போனதும் கைபேசியைக் கொடுத்து உட்கார வைக்கிறீர்கள். முன்னது பரீட்சை, பின்னதோ குழந்தை சொன்னதைக் கேட்டு மறுமொழி தராது.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத குழந்தையை, "அவன் அப்பனும் இப்படித்தான்" என்று விட்டுவிடாமல், காது கேட்கிறதா என்று டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மற்றக் குழந்தைகளுக்காக நான் கேட்பது இவ்வளவுதான்: மலையில் உள்ள பால்வாடிகளில் அந்தந்த நாட்டுக் கிழவிகளை உட்கார வைத்து, அவர்கள் பேச்சிலேயே கதை சொல்லச் சொல்லுங்கள். திருத்துகிறவர்கள் அந்த ஒரு மணி நேரம் வெளியே நிற்கட்டும்.