கல்விக் களம்: பள்ளிப் பட்டியலுக்கு முன்னே பணக் கணக்கு

திண்டுக்கல்லிலிருந்து அன்பர் ஒருவர் நீண்டதொரு மடல் எழுதியுள்ளார். தோல் வணிகம் செய்பவர். அவருடைய மகள் பி.காம். பட்டம் பெற்று, சென்னையில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் நான்காண்டுகளாகப் பணியாற்றி வருகிறாராம். அமெரிக்கா சென்று எம்.பி.ஏ. பயில விரும்புகிறார். "மதிப்பெண்ணிலும் ஆங்கிலத்திலும் என் மகளுக்குக் குறைவில்லை. வீட்டை ஈடு வைத்து வங்கிக் கடன் வாங்குவதா, வட்டி வேண்டாமென்று இந்தப் படிப்பையே கைவிடுவதா என்பதில்தான் மூன்று மாதங்களாக எங்கள் இல்லத்தில் நிம்மதி இல்லை" என்று எழுதுகிறார்.

வட்டி குறித்து மார்க்கத் தீர்ப்புக் கூறுவது இப்பகுதியின் பணியன்று. அதற்குரிய ஆலிம்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவதே முறை. ஆனால் தமக்கு முன்னே இரண்டே வழிகள்தாம் உள்ளன என்று அன்பர் கருதுவது சரியன்று. நம் குடும்பங்களில் முதலில் தேர்வு எழுதுகிறார்கள், பின்னர் புகழ்பெற்ற பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள், அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்நேரத்தில் கடனைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. எந்தப் பள்ளி யாருக்கு, எந்த அடிப்படையில் உதவித்தொகை தருகிறது என்பதை முதலில் அறிந்து, அதன் பிறகே விண்ணப்பிக்க வேண்டிய பள்ளிகளின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும்.

செலவின் அளவைப் பாருங்கள். 1908ஆம் ஆண்டு உலகின் முதல் எம்.பி.ஏ. படிப்பைத் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளியில், 2024-25ஆம் கல்வியாண்டுக்கான கல்விக் கட்டணம் மட்டும் 76,410 டாலர். உணவு, உறைவிடம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைச் சேர்த்தால் ஓராண்டுச் செலவு ஓர் இலட்சம் டாலரைத் தாண்டிவிடும். இரண்டாண்டுகளுக்கு நம் நாணயத்தில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். இத்துடன், அவ்விரண்டு ஆண்டுகளில் ஈட்டியிருக்கக்கூடிய ஊதியமும் இழப்பே.

இவ்வளவு தொகையைக் கண்டு மலைக்கும் குடும்பங்கள், அதே ஹார்வர்டின் மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் உதவித்தொகை பெறுகிறார்கள் என்பதை அறிவதில்லை. அங்கே மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை இல்லை. தேவைக்கு மட்டுமே உண்டு. சேர்க்கைக்கான முடிவில் விண்ணப்பதாரரின் பணவசதி பார்க்கப்படுவதில்லை. அனுமதி கிடைத்த பிறகு, அவருடைய கடந்த மூன்றாண்டு வருமானம், சேமிப்பு, சொத்து, முந்தைய கல்விக் கடன் ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தொகையை முடிவு செய்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்க்கும் இதே விதிதான். மிகுந்த தேவையுள்ள மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதையும் ஏற்பதாக 2022இல் அப்பள்ளி அறிவித்தது. மாணவர்களில் பத்தில் ஒரு பங்கினர் இதன் பயனைப் பெறுவர் என்றும் கூறியது. சென்னை ஊதியத்தில் நான்காண்டு பணிபுரிந்த ஒரு பெண்ணின் வருமானம், நியூயார்க் வங்கியிலிருந்து வருபவரின் வருமானத்தின் அருகில்கூட நில்லாது. ஊரில் குறையெனக் கருதப்படும் சிறிய சம்பளம், இக்கணக்கில் அவருக்குத் துணையாகிறது.

ஸ்டான்ஃபோர்டும் தேவையின் அடிப்படையிலேயே உதவுகிறது. அங்கே இந்தியக் குடிமக்களுக்கென்றே ரிலையன்ஸ் திருபாய் பெயரில் ஓர் உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு ஐவர் வரை பெறலாம். படிப்பை முடித்து இரண்டாண்டுகளுக்குள் தாயகம் திரும்பி, இங்கே இரண்டாண்டுகளேனும் பணிபுரிய வேண்டும் என்பது நிபந்தனை. மகளைக் கண்காணாத் தொலைவில் நிரந்தரமாக விட மனமில்லாத பெற்றோர்க்கு இது நிபந்தனையாகவே தோன்றாது! சிக்காகோவின் பூத், பென்சில்வேனியாவின் வார்ட்டன் முதலிய பள்ளிகளோ தகுதி பார்த்து வழங்குகின்றன. அனுமதி பெறும் அனைவரும் தனி விண்ணப்பமின்றியே பரிசீலிக்கப்படுகிறார்கள். அங்கெல்லாம் தேர்வு மதிப்பெண் சற்று உயர்ந்தாலும் அது பணமாக மாற வாய்ப்புண்டு.

நம் நாட்டிலும் வழிகள் இல்லாமலில்லை. கே.சி. மகிந்திரா கல்வி அறக்கட்டளை 1956 முதல் வெளிநாட்டு முதுநிலைக் கல்விக்கு வட்டியில்லாக் கடன் உதவி வழங்கி வருகிறது. முழுச் செலவையும் அது தாங்காது. ஆயினும் "வட்டியில்லாமல் எவர் தருவார்" என்று கேட்பவர்க்கு அது நேரான விடை. வெளிநாட்டில் முதுநிலைக் கல்வி பயிலும் முஸ்லிம் மாணவர் பத்துப் பேருக்குத் தலா 36 இலட்சம் ரூபாய் வரை உதவித்தொகை வழங்கும் திட்டத்திற்குத் தமிழக அரசு 2025இல் விண்ணப்பங்களை வரவேற்றது. வருமான வரம்பு உள்ளிட்ட நிபந்தனைகளைச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேட்டறிக. நடுவண் அரசின் 'படோ பர்தேஷ்' என்னும் வட்டி மானியத் திட்டம் மட்டும் 2022-23இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய துண்டறிக்கையை வைத்துக்கொண்டு அதைத் தேடி அலைய வேண்டாம்.

உதவித்தொகை என்றதும், "ஜகாத் கொடுக்கும் குடும்பம் நாம், கை நீட்டுவதா?" என்று தயங்கும் பெரியவர்களைப் பார்க்கிறோம். தேவை அடிப்படையிலான உதவி தர்மம் கேட்பதன்று. அப்பள்ளி தன் மாணவர்க்கென வகுத்துள்ள கட்டண முறையின் ஒரு பகுதியே அது. ஆனால் அதற்குக் கணக்கை ஒளிவுமறைவின்றிக் காட்ட வேண்டும். வருமானவரிப் படிவம், வங்கிக் கணக்கு, பெயரிலுள்ள சொத்து என எல்லாவற்றையும் கேட்பார்கள். பில் இல்லாத வியாபாரம், உறவினர் பெயரில் வாங்கிய மனை என்றிருக்கும் இல்லங்களுக்கு இங்கேதான் சங்கடம் வருகிறது.

இதனோடு ஒட்டிய இன்னொரு வழக்கத்தையும் கண்டித்தே ஆக வேண்டும். மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைப் பள்ளி வழங்குமுன், முதலாண்டுச் செலவுக்குரிய பணம் இருப்பதற்கான சான்றைக் கேட்கிறது. உடனே மச்சானிடமும் சகலையிடமும் சில வாரங்களுக்குப் பணம் வாங்கிக் கணக்கில் போட்டு, வங்கிச் சான்று பெற்றதும் திருப்பிவிடுகிறார்கள். இதற்கெனக் கூலி வாங்கும் தரகர்களும் உளர். தூதரக அதிகாரி, "இப்பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும்போது மாட்டிக்கொண்டு விழிப்பது தரகரல்லர், உங்கள் மகள்தான். தவறான தகவல் தந்ததாகப் பதிவாகிவிட்டால் பிற்கால விசாக்களும் கெடும். உறவினர் உதவுவதாயின் மெய்யாகவே உதவட்டும். அதை எழுத்தில் தரட்டும். உதவித்தொகைக் கடிதமும் இச்சான்றில் சேரும் என்பதை நினைவில் கொள்க.

"படித்து முடித்து அமெரிக்காவிலேயே இரண்டாண்டு வேலை பார்த்தால் கடன் அடைந்துவிடும்" என்று உறவினர் கூறுவதாக அன்பர் எழுதியுள்ளார். இக்கணக்கை நம்பி வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாகாது. மாணவர் விசாவில் படித்தவர்க்குப் படிப்பின்பின் 12 மாதங்கள் பணிபுரியும் அனுமதி உண்டு. அறிவியல், தொழில்நுட்பப் பிரிவில் சேர்க்கப்பட்ட படிப்பாயின் மேலும் 24 மாதங்கள் கிடைக்கும், சில எம்.பி.ஏ. படிப்புகள் அவ்வாறு சேர்க்கப்பட்டுள்ளன, சில சேர்க்கப்படவில்லை. அதன்பிறகு எச்-1பி விசா வேண்டும். உலகம் முழுவதற்கும் ஆண்டுக்கு 85,000 என்ற வரம்பு, குலுக்கல் வேறு. 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கப்படுவோருக்கு ஓர் இலட்சம் டாலர் கட்டணம் என்று ஆணை வந்தது. அங்கேயே படித்து விசா மாறுவோருக்கு அது பொருந்தாது என அடுத்த மாதமே விளக்கமும் வந்தது. ஓராண்டில் இத்தனை மாற்றமென்றால், ஊர் திரும்பி ரூபாய்ச் சம்பளத்தில் டாலர்க் கடனைக் கட்ட இயலுமா என்று கேட்டுப் பார்ப்பதே விவேகம்.

இனி விண்ணப்பம். முதற்சுற்று செப்டம்பர்த் தொடக்கத்திலும் இரண்டாம் சுற்று ஜனவரித் தொடக்கத்திலும் முடிகின்றன. சில பள்ளிகளில் மூன்றாம் சுற்றும் உண்டு. விசாவுக்குக் காலம் போதாதாகையால் வெளிநாட்டவர் அதை நம்பியிருக்கலாகாது. ஜிமேட் தேர்வு 2024 பிப்ரவரி முதல் புதிய வடிவில் மட்டுமே நடைபெறுகிறது: மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடங்கள், மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழைய 800 மதிப்பெண் அளவோடு இதை ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம். மதிப்பெண் ஐந்தாண்டுகள் செல்லும். எனவே மகள் இவ்வாண்டே தேர்வெழுதி, உதவிக்கான வழிகள் தெளிந்தபின் அடுத்த ஆண்டு விண்ணப்பித்தாலும் நட்டமில்லை.

கட்டுரைகளைத் தாமே எழுதுவது நலம். தரகர் எழுதித் தரும் கட்டுரைகள் ஒரே அச்சில் வார்த்தவை. தலைமைப் பண்பு, உலகப் பார்வை என்று பெரிய சொற்கள் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். பள்ளி நாளிலிருந்தே அத்தாவின் தோல் மண்டியில் கணக்கெழுதியதாக மடலில் ஒரு வரி வருகிறது. விலை வீழ்ந்த ஆண்டில் பாக்கிக்காரர்களை அத்தா எவ்வாறு நடத்தினார், தணிக்கையாளராக அதை இன்று எப்படிப் பார்க்கிறார் என்று மகள் எழுதட்டும். அதை வேறெவரும் எழுத முடியாது. பரிந்துரைக் கடிதத்திலும் கவனம் வேண்டும். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்திடுகிறேன்" என்பது நம் அலுவலகங்களின் வழக்கம். இப்பள்ளிகள் அதை ஏற்பதில்லை. பெரிய பதவியிலுள்ளவரைத் தேடாமல், மகளின் வேலையை நாள்தோறும் பார்க்கும் மேலாளரை நாடி, இரண்டு மாதங்கள் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

மூன்றாண்டு பி.காம். பட்டம் செல்லுமா என்பது அன்பரின் கடைசி வினா. ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் ஏற்கின்றன. ஏற்பதற்குத் தனி நிபந்தனை விதிக்கும் பள்ளிகளும் உள்ளமையால், விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் அந்தந்தப் பள்ளிக்கு எழுதிக் கேட்டுக்கொள்க. ஹார்வர்டில் 250 டாலர், ஸ்டான்ஃபோர்டில் 275 டாலர் எனக் கட்டும் அக்கட்டணம் திரும்பி வராது.