வாட்ஸ் வாங்காதீர்கள், ஆம்ப்ளிஃபையர் வாங்குங்கள்

எங்க ஆவடி பக்கம் யார் வீட்டுக்காவது புது ஆம்ப் வந்தால் முதல் கேள்வி "எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். என்ன ஸ்பீக்கர், எத்தனை ஓம், ரூம் எவ்வளவு பெரிசு... இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. பைக்குக்கு மைலேஜ் மாதிரி ஆம்புக்கு வாட்ஸ் என்றாகிவிட்டது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் பாட்டு கேட்க இன்டகிரேட்டட் ஆம்ப் வாங்குகிறவர் கடைசியாகப் பார்க்க வேண்டியது, டப்பாவின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருக்கும் அந்த வாட்ஸ் எண்ணைத்தான்.

இன்டகிரேட்டட் ஆம்பில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. டிவியா, ப்ளூடூத்தா, சிடியா என்று தேர்ந்தெடுத்து வால்யூம், பாஸ், ட்ரெபிள் கவனிப்பது ப்ரீ ஆம்ப். ஸ்பீக்கரை இயக்குவது பவர் ஆம்ப். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் இன்டகிரேட்டட். அவ்வளவுதான்.

சரி, வாட்ஸ் கணக்குக்கு வருவோம். ஆடி மாசம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது கட்டுகிறார்களே கூம்பு ஸ்பீக்கர், அதற்கு 30 வாட்ஸ் போனாலே மூன்று தெரு தாண்டிக் கேட்கும். அதே 30 வாட்ஸை வீட்டு பாக்ஸுக்குக் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான் சண்டைக்கு வருவார்! காரணம் சென்சிடிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால், சாதாரண வீட்டு ஸ்பீக்கர் 87 டெசிபல் அளவில் சத்தம் தரும். கூம்பு ஸ்பீக்கர் 107 டெசிபல்கூடத் தரும். இந்த 20 டெசிபல் வித்தியாசத்தை ஆம்பை வைத்து ஈடுகட்ட வேண்டுமென்றால் 100 மடங்கு பவர் வேண்டும். ஆக, சத்தத்தை முடிவு செய்வதில் ஆம்பைவிட ஸ்பீக்கருக்குத்தான் பெரிய பங்கு.

இன்னொன்று. 50 வாட்ஸ் ஆம்பை மாற்றி 100 வாட்ஸ் வாங்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கு" என்று தெரியும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு பவர் தேவை. பத்துக்குப் பத்து ரூமில் சாதாரணமாகப் பாட்டு கேட்கும்போது சராசரியாகச் செலவாவது அரை வாட்கூட இருக்காது. 0.3 வாட் என்றே வையுங்கள். டிரம்ஸ் அடி விழும் நொடியில் அதைப்போல 100 மடங்கு தேவைப்பட்டாலும் 30 வாட்ஸ்தான் வருகிறது. 1978-ல் வெளிவந்து உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய என்.ஏ.டி. 3020 ஆம்பின் அறிவிக்கப்பட்ட பவர், 8 ஓமில் சேனலுக்கு 20 வாட்ஸ்தான்!

அப்படியானால் டப்பாவில் போடுகிற 1000, 2000 எல்லாம்? அது பி.எம்.பி.ஓ. கணக்கு. கண் இமைக்கும் நேரத்துக்கு வரக்கூடியதாகச் சொல்லிக்கொள்ளும் பவர். அதை அளக்கப் பொதுவான விதி எதுவும் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய பவரைத்தான் பேச்சுவழக்கில் ஆர்.எம்.எஸ். வாட்ஸ் என்கிறோம். இந்த மாதிரி ஊதிப் பெருக்கிய எண்கள் அமெரிக்காவிலும் ஓடியவைதான். அங்கே 1974-ல் ஃபெடரல் டிரேட் கமிஷன், பவரை இப்படித்தான் அளந்து சொல்ல வேண்டும் என்று விதியே போட்டது.

நமக்கு விதி எதற்கு, பெருக்கல் கணக்கு போதும். ரிச்சி தெருவில் விற்கும் 4440 ஐசி போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஐசி ஸ்டீரியோவில் தருவது சேனலுக்கு சுமார் 6 வாட்ஸ், பிரிட்ஜ் செய்தால் 19 வாட்ஸ். அதைப் போட்டு அசெம்பிள் செய்த பெட்டியில் 200 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டினால் 200 ஆகிவிடுமா? சின்ன ப்ளூடூத் ஆம்பில் 100+100 என்று போட்டு, கூடவே 19 வோல்ட், 4.74 ஆம்பியர் லேப்டாப் அடாப்டர் கொடுத்தால் பெருக்கிப் பாருங்கள்: மொத்தமே 90 வாட்ஸ். உள்ளே வருவதே 90 என்றால் தொடர்ந்து 200 எப்படி வெளியே போகும்?

இதற்காக அசெம்பிள் செட்டே மோசம் என்று சொல்லவில்லை. நல்ல டிரான்ஸ்ஃபார்மர், பெரிய ஹீட்சிங்க், டி.டி.ஏ. 7294 மாதிரி ஐசி போட்டு ஒழுங்காகச் செய்தால் வீட்டுக்குத் தாராளம். ரிப்பேர் என்றால் ஆவடியில் லோக்கல் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் பார்ட்ஸ் கிடைத்துவிடும். பெரிய பிராண்டு ஆம்புக்கு இது எளிதில் அமையாது.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு. பெரிய ஹால், சென்சிடிவிட்டி குறைந்த ஸ்பீக்கர், சத்தமாகக் கேட்கும் பழக்கம்... இப்படியென்றால் 60, 80 நிஜ வாட்ஸ் தேவைதான். சின்ன ஆம்பை முழு வால்யூமில் வைத்து முறுக்கினால் ஒலி அலை வெட்டுப்பட்டு ட்வீட்டர் போய்விடும். ஆனால் அந்த எண்ணும் ஸ்பீக்கரையும் ரூமையும் பார்த்த பிறகு வர வேண்டிய எண்.

அதனால் என் வரிசை இதுதான். முதலில் ஸ்பீக்கர். பட்ஜெட்டில் பாதிக்கு மேல் அதற்கே போகட்டும். அடுத்து ஓம்: இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை ஒரே சேனலில் பேரலலாக மாட்டினால் 4 ஓம் ஆகிவிடும், ஆம்ப் அதைத் தாங்குமா என்று கேளுங்கள். பிறகு உங்களுக்கு வேண்டிய இன்புட். வாங்கி வந்த பிறகு காற்றோட்டம்: ஷோகேசுக்குள் அடைத்து, மேலே பூத்துணி போர்த்தி, அதற்கும் மேலே பொம்மை வைத்தால் மே மாசத்து ஆவடி வெயிலில் எந்த ஆம்பும் நாள் கணக்கு எண்ண வேண்டியதுதான்.

நம்மில் பலர் வீட்டில் இந்த மாதிரி செட்டெல்லாம் போனஸ் வந்தால்தான் வாங்க முடியும். வருஷம் முழுக்க ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு அது. அதை ஒரு ஸ்டிக்கருக்குக் கொடுக்க வேண்டாம். அடுத்த முறை கடைக்காரர் "1200 வாட்ஸ் சார்" என்று ஆரம்பித்தால் "அண்ணா, டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் கடையில் வாங்கலாம்.