வெடிப்புக்கு மேல் பெயின்ட்

எட்டியாந்தோட்டைப் பக்கத்து எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு,

மேல்கணக்கில் ஏழு பேர்ச்சஸ் வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று தம்பி வீடியோ அனுப்பினான். இஸ்தோப்புக்குச் சிவப்புச் சாயம், சுவருக்கு ஆகாய நீலம், வாசலில் பூச்சட்டி. எல்லாம் வடிவுதான். ஆனால் பின்னறை அலுமாரி ஏன் ஜன்னலைப் பாதி மறைத்துக்கொண்டு நிற்கிறது? போன வருஷம் வந்தபோது நான் விரலை விட்டுப் பார்த்த வெடிப்பு அதற்குப் பின்னால்தானே இருக்கிறது! சிமெந்து அப்பி, நீலம் அடித்து, அலுமாரியையும் தள்ளிவிட்டிருக்கிறீர்கள். பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சுவருக்கா இவ்வளவு கூப்பாடு என்பீர்கள். 2016 மே 17 மறந்துபோச்சா? அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களை விழுங்கிய அன்றுதான் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் லயத்தின்மேல் மண் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு மழை அடித்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியவர்கள் நீங்கள். கதவு இறுகும், மரம் சாயும், ஊற்றுத் தண்ணி கலங்கும், சுவர் வெடிக்கும். மலை இப்படித்தான் முன்கூட்டிச் சொல்லும் என்று உங்களுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

நானும் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் வீடு விற்றவள்தான். ஆட்கள் பார்க்க வரும் நாளில் கருவாடு பொரிக்காதே, சாமிப் படங்களைக் கழற்றி வை என்றார் ஏஜென்ட். மனம் கசந்தாலும் செய்தேன். ஆனால் வாங்க வந்தவர் ஒரு பரிசோதகரைக் கூட்டி வந்தார். அந்த மனிதர் டார்ச்சோடு கூரை முதல் நிலக்கீழ் அறை வரை துருவினார். ஆபத்தான பழுதைத் தெரிந்தே மறைத்து விற்றால் இங்கே வழக்குக்கு நிற்க வேண்டும். நம் தோட்டத்தில் டார்ச்சோடு யார் வரப் போகிறார்கள்? காலமெல்லாம் பால்வெட்டி, ஈபிஎஃப் காசைக் கையில் வைத்திருக்கும் நம்மாள் ஒருவர்தான் உங்களை நம்பி வருவார்.

அவருக்குக் காணி உறுதியும் இல்லை. சமாதான நீதவான் முத்திரை குத்திய கடதாசிதான் கொடுப்பீர்கள். காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்ற சட்டம் 1840இலிருந்தே இருக்கிறது. உங்கள் கையில் உறுதி இல்லாதது உங்கள் குற்றமில்லை. அதற்குக் கம்பனியும் அரசாங்கமும் பதில் சொல்லட்டும். வெடிப்பை மூடியது நம் கை.

பிளேன் ஏறிப் போனவளுக்கு என்ன தெரியும் என்று ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறேன். மழை இரவுகளில் நீங்கள் மலையைப் பார்த்து விழித்திருக்க, நான் ஹீட்டர் போட்டுத் தூங்குகிறவள். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: அலுமாரியை நகர்த்துங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரை வந்து பார்க்கச் சொல்லும்படி கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அவர்கள் எழுதித் தருவதை, நல்லதோ கெட்டதோ, வாங்க வருகிறவரிடம் காட்டுங்கள். விலை குறைந்தால் என்னால் ஆனதை அனுப்புகிறேன். இருக்கக் கூடாத வீடு என்றால் யாருக்கும் விற்காதீர்கள், நீங்களும் இருக்காதீர்கள். தலைவர்மாரோடு பிரதேச செயலகத்துக்குப் போய் மாற்றுக் காணி கேளுங்கள். மனுவை நான் எழுதி அனுப்புகிறேன். கையெழுத்தை மட்டும் அங்கே இருக்கிற நீங்கள்தான் போட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தோட்டத்துப் பிள்ளை