தொண்ணூறு நாள் அடுப்பு

ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு இனிக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை, பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்று 2025 பெப்ரவரியில் ஏற்பாடு வந்தது. கல்முனையிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஒரு படிவம் கொடுக்க இரவு பஸ் ஏறிப்போய், மறுநாள் இரவு பஸ்ஸில் திரும்பிய ஊர் இது. ஆகவே நானும் வரவேற்றேன். ஆனால் ஏழை நோயாளிக்கு விடிவு வந்துவிட்டது என்று இங்கே சிலர் பேசுவதைக் கேட்கும்போது எரிச்சல்தான் வருகிறது. கிட்டே வந்திருப்பது படிவம் மட்டும்தான். அந்தப் படிவம் ஒப்பரேசனுக்கு எவ்வளவு செலவு என்று கேட்கும். ஒப்பரேசன் முடிந்தவர் படுத்திருக்கும் மூன்று மாதமும் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று 1978 இல் நிதியத்தைச் சட்டமாக்கியவர்களும் கேட்கவில்லை, இன்று அதை ஊருக்குக் கொண்டுவந்தவர்களும் கேட்கவில்லை.

நெஞ்செலும்பை அறுத்துச் செய்யும் இருதய சத்திரசிகிச்சையில் எலும்பு பொருந்தவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, இழுக்கவோ தள்ளவோ கூடாது. பழைய தெம்பு வர மூன்று மாதம். சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் கரைவலை இழுக்கிறவருக்கும் மருதமுனையில் தறியில் இருப்பவருக்கும் இதன் பொருள், மூன்று மாதம் உழைப்பில்லை என்பதே. இயந்திர வால்வு வைத்தவரென்றால் வாஃபரின் குளிசை ஆயுளுக்கும் உண்டு. ரத்தம் உறையும் அளவைப் பார்க்க அடிக்கடி கிளினிக் போக வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் காசு கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த நாள் கூலி போனது போனதுதான், கூடப் போகிறவரின் கூலியும் சேர்த்து.

என் மச்சான் நெஞ்சில் தையலோடு வீடு வந்தபோது ஊரே வந்து பார்த்தது. நோயாளியைப் போய்ப் பார்ப்பது சுன்னத்து. நம் ஊர்கள் அதில் குறை வைப்பதில்லை. கட்டிலடியில் ஹோர்லிக்ஸ் போத்தலும் தோடம்பழமும் பிஸ்கட்டும் குவிந்தன. அந்தக் கிழமையே ராத்தா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "தம்பி, அரிசி முடிஞ்சி போச்சு. வாறவங்களுக்குத் தெரிய வேணாம்" என்றார். அடுத்த மாதம் அவர் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. உம்மா சீதனமாய்க் கொடுத்த வீட்டு உறுதியும் கைமாறிவிடுமோ என்று பயந்தோம். முப்பத்தெட்டாம் நாள் மச்சான் "சும்மா பாத்துட்டு வாறன்" என்று கரைக்குப் போனார். போனவர் வலைக்கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாற்பத்தைந்து, இருபத்தொன்று, பூச்சியம். இந்த மூன்று எண்களையும் நான் மேடைதோறும் சொல்லிவருகிறேன், இன்னும் சொல்வேன். அரச ஊழியருக்கு வருடத்துக்குச் சம்பளத்தோடு 45 நாள் லீவு. 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி கடையில் நிற்கிறவருக்குப் பதினான்கும் ஏழும் சேர்த்து 21 நாள். கடலுக்குப் போகிறவருக்கு, மேசனுக்கு, ஆட்டோ ஓட்டுகிறவருக்கு, வயலில் கூலிக்கு நிற்கிறவருக்குப் பூச்சியம். ஒப்பரேசன் ஒன்றுதான், தையல் காயும் காலமும் ஒன்றுதான். உடம்பு ஆற 90 நாள் வேண்டும் என்று மருத்துவம் சொல்கிறது. அதில் ஒரு நாளைக்கூடச் சட்டம் இவர்களுக்குத் தரவில்லை. நாட்டில் அநியாயம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் இந்தப் பூச்சியத்தைத்தான் காட்டுவேன்.

அரசின் அஸ்வெசும நிவாரணம் இருக்கிறதே என்பார்கள். வீட்டின் நிலையை 22 குறிகாட்டிகளால் அளந்து ஆட்களைத் தெரிவுசெய்த திட்டம் அது. கணக்கெடுக்க வந்த அன்று மச்சான் நல்ல சுகத்தோடு உழைத்துக்கொண்டிருந்தார். அன்று அவர் ஏழையில்லை. நெஞ்சை வெட்டியதும் ஒரே நாளில் ஏழையானார். ஒரே நாளில் வரும் வறுமையை எந்தப் படிவத்தில் எழுதுவது? ஏழைப் பிரிவில் பெயர் இருந்தாலும் மாதம் 10,000 ரூபா, நாளைக்கு 333 ரூபா. நாட்டரிசிக்குக் கிலோ 230 ரூபா என்று 2024 டிசம்பரில் அரசே விலை குறித்தது. அந்த விலைக்கு ஒன்றரைக் கிலோ அரிசிகூட வராது. ஆனால் இதே அரசு, உதவிக்குத் தெரிவான சிறுநீரக நோயாளிக்கென்று தனிக்கொடுப்பனவு தருகிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை 10,000 ரூபாவாக உயர்த்தியது. நோய் வந்தால் வருமானம் நிற்கும் என்பதை அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. சிறுநீரகத்துக்கு உள்ள நியாயம் இருதயத்துக்கும் புற்றுநோய்க்கும் இல்லாமற்போனது ஏன்?

காசு கொடுத்தால் வேலைக்குப் போகாமல் படுத்துக்கொள்வார்கள் என்று கொழும்பில் சிலர் சொல்கிறார்கள். மாதம் பத்தாயிரத்துக்காக நெஞ்செலும்பை அறுத்துக்கொள்ளும் மனிதனை அவர்கள் கண்டிருந்தால் பெயரைச் சொல்லட்டும். இந்தியாவில் தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டம் 1948 இல் வந்தது. காப்புறுதி பெற்ற தொழிலாளி நோயில் விழுந்தால் வருடத்தில் 91 நாள் வரை கூலியில் 70 வீதம் கிடைக்கிறது. அதனால் அங்கே ஆலைகள் மூடிப்போகவில்லை.

நம்மவர்களையும் விடமாட்டேன். 2019 ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு ஒரு பக்கம் உண்ணாவிரதம், எதிர்த்து மறுபக்கம் சத்தியாக்கிரகம். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருது நகரசபைக்கு வர்த்தமானி வந்து, சில நாளில் நின்றது. எந்தக் கட்டடம் யாருக்கு என்று சண்டை பிடித்த இரு தரப்பிலும், கட்டடத்துக்குள் நோயாளியின் மனைவிக்கு என்ன கிடைக்கும் என்று ஒருவர் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை. ஸக்காத்துக்கு உரிய எட்டுக் கூட்டத்தாரில் முதலில் வருவோர் வறியவரும் தேவையுடையவரும். ஆனால் ரமழானில் வரும் காசு ரமழானிலேயே பிரிந்து முடிகிறது. ஒப்பரேசன் ரமழான் பார்த்தா வருகிறது? பள்ளிவாசல்கள் ஒரு பங்கை ஒதுக்கிவைத்து, ஆஸ்பத்திரித் துண்டோடு வரும் வீட்டுக்கு மூன்று மாதம் அரிசியும் மீனும் போகச் செய்யலாம். அதைச் செய்தால் இந்தக் கரையோரத்தில் அடகுக் கடைகளில் பாதி மூடிவிடும் என்பது என் திடமான நம்பிக்கை.

பள்ளிவாசல் செய்வதால் அரசின் கடன் தீராது. பிரதேச செயலகத்துக்கு வந்திருக்கும் அதே விண்ணப்பத்தில் இன்னொரு பக்கம் வேண்டும். வீட்டில் எத்தனை பேர், உழைப்பவர் யார், கூட நிற்பவரின் தொழில் என்ன, தொண்ணூறு நாளுக்கு எவ்வளவு வேண்டும். இந்த நான்கு கேள்விகளும் அச்சாகாமல் அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்குக் கை தூக்கமாட்டோம் என்று திகாமடுல்ல நாடாளுமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியானாலும், இப்போதே சொல்ல வேண்டும்.