பதினைந்து லட்சம் வருஷமும் ஒரு லோடு கிராவலும்

திருவள்ளூர் மாவட்டம் என்றதும் என்ன ஞாபகம் வரும்? கும்மிடிப்பூண்டி சிப்காட். ஆலைப் புகை. ஷிஃப்ட் முடிந்து மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வரும் கூட்டம். பக்தர்களாக இருந்தால் திருத்தணி முருகன், வீரராகவப் பெருமாள். அதற்கு மேல் கேட்டால், "அங்கெல்லாம் பார்க்க என்ன சார் இருக்கு?" என்று எதிர்க்கேள்விதான் வரும்.

இருக்கிறது. பூண்டி ஏரிக்கு அருகே, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்று ஒரு குட்டிக் கிராமம். கோபுரமும் கிடையாது, கோட்டையும் கிடையாது. செம்மண், முள்செடி, மழைநீர் அரித்த ஓடைப் பள்ளங்கள், அவ்வளவுதான். ஆனால் இந்தியாவில் காலம் கணிக்கப்பட்ட கைக்கோடரிகளில் மிகப் பழையவை இந்த மண்ணில்தான் கிடைத்தன. (பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்து, ஒரு மார்க் வாங்கி, மறந்துபோனவர்கள் நிறைய பேர் இருப்பார்கள்!)

கதை 1863ல் ஆரம்பிக்கிறது. புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபுட், மே 30ம் தேதி பல்லாவரத்தில் கிராவல் தோண்டிய ஒரு குழியிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கல். அதே வருஷம் செப்டம்பரில் சக ஊழியர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் போனபோது இன்னும் ஏராளமாகக் கிடைத்தன. பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த கைக்கோடரிகள் மனிதன் செய்தவைதான் என்று இங்கிலாந்து அறிஞர்கள் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டதே 1859ல்தான். நாலே வருஷத்தில் பல்லாவரமும் அத்திரம்பாக்கமும் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டன. இந்த வகைக் கருவிகளுக்கு 'மெட்ராஸ் கைக்கோடரி மரபு' என்றே தொல்லியலில் பெயர் உண்டு.

அப்புறம் பல பேர் வந்து பார்த்தார்கள், தோண்டினார்கள். 1999ல் சாந்தி பப்பு குழுவினர் ஆரம்பித்த அகழாய்வுதான் பெரிய திருப்பம். 2011ல் அவர்களுடைய முடிவுகள் 'சயின்ஸ்' இதழில் வந்தன. அடி அடுக்கில் கிடைத்த கருவிகளுக்கு வயது குறைந்தது 10 லட்சம் வருஷத்துக்கு மேல், சராசரிக் கணக்கில் சுமார் 15 லட்சம். 2018ல் 'நேச்சர்' இதழில் அடுத்த குண்டு! பெரிய கைக்கோடரிகளை விட்டுவிட்டு, சின்னச் சின்ன செதில் கருவிகள் செய்யும் நுட்பம் இங்கே சுமார் 3,85,000 வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது. அந்த நுட்பம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நவீன மனிதர்களோடு மிகவும் பிற்பாடுதான் இந்தியாவுக்குள் நுழைந்தது என்ற கருத்தை இது ஆட்டம் காண வைத்தது.

இவ்வளவு பெரிய சங்கதியை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் இரண்டு வகையான கூத்து நடக்கிறது.

முதல் கூத்து மேடையில். "பதினைந்து லட்சம் வருஷத்துக்கு முன்பே வாழ்ந்தவன் தமிழன்!" கைதட்டல். ஐயா, அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் தமிழர்கள் இல்லை. தெலுங்கர்களும் இல்லை. இன்றைய மனித இனமே இல்லை! நம் இனத்தின் வயது சுமார் 3 லட்சம் வருஷம்தான். அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை, அதனால் செய்தவர் யார் என்றே தெரியாது. மொழி, சாதி, மதம் எல்லாவற்றுக்கும் முந்திய ஒரு ஜீவன் கல்லைக் கையில் எடுத்து, இரண்டு பக்கமும் சமமாகத் தட்டி, தனக்குத் தோன்றிய வடிவத்தைக் கொண்டுவந்திருக்கிறது. அந்த ஆச்சரியம் போதாதா? அதற்கு எதற்கு வேட்டி கட்டிவிட வேண்டும்?

இரண்டாவது கூத்து ரோட்டில். அதுதான் ஆபத்தானது. இந்தக் கருவிகள் கிடப்பது செம்மண் கிராவலிலும் அதற்குக் கீழே உள்ள களிமண்ணிலும். சிப்காட் மனையை மேடாக்க என்ன வேண்டும்? கிராவல். ரோடு போட? கிராவல். ரியல் எஸ்டேட்காரர் பிளாட்டை நிரப்ப? அதே கிராவல்தான். ஒரு டிப்பர் லாரி ஒரு நடையில் அள்ளிப்போவதில் எத்தனை லட்சம் வருஷம் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

"அதனால என்ன, கல்லைப் பொறுக்கி மியூசியத்துல வெச்சா போச்சு" என்பார்கள். போகாது. கல்லுக்கு வயது தெரிந்தது எப்படி? வெளியே கிடக்கும் கல் மீது விண்வெளிக் கதிர்கள் விழுந்துகொண்டே இருக்கும், அதனால் கல்லுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்கள் உண்டாகும். கல் ஆழத்தில் புதைந்தபின் புதிதாக உண்டாவது அநேகமாக நின்றுபோய், இருப்பது வெவ்வேறு வேகத்தில் தேய ஆரம்பிக்கும். மிச்சத்தை அளந்தால் எவ்வளவு காலமாகப் புதைந்து கிடக்கிறது என்று தெரியும். கூடவே, அந்த மண் அடுக்கில் பதிந்திருக்கும் பூமியின் காந்தத் திசையையும் பார்க்கிறார்கள். ஆக, கல் தன் அடுக்கில் கிடந்தால்தான் சாட்சி. லாரியில் ஏறி வேறெங்கோ கொட்டப்பட்டால் அது வெறும் கல். தேதி கிழிக்கப்பட்ட பத்திரத்துக்கு என்ன மதிப்போ அதே மதிப்புதான்!

இங்கிலாந்தில் வெஸ்ட் சஸ்ஸெக்ஸ் பகுதியில் பாக்ஸ்குரோவ் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கேயும் ஒரு கிராவல் குவாரி. அதில் சுமார் 5 லட்சம் வருஷப் பழைய கைக்கோடரிகள் கிடைத்தன, 1993ல் ஒரு கால் எலும்பும் கிடைத்தது. 2003ல் அந்த நாட்டின் பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் அமைப்பு அந்த இடத்தை விலை கொடுத்து வாங்கிவிட்டது. அத்திரம்பாக்கத்தின் வயதில் மூன்றில் ஒரு பங்குதான் பாக்ஸ்குரோவுக்கு!

"கல்லு சோறு போடுமா? ஃபேக்டரிதானே வேலை குடுக்குது?" நியாயமான கேள்வி. கும்மிடிப்பூண்டியில் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்களைப் பார்த்து ஆலையை மூடு என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் ஆலைக்கு இந்தக் கிராவல்தான் வேண்டும் என்பதில்லை. அத்திரம்பாக்கத்துக்கோ வேறு மண் கிடையாது. கொசஸ்தலைப் படுகையில் குவாரிக்கு அனுமதி கொடுக்கும் முன் ஒரு தொல்லியல் ஆய்வாளர் அந்த நிலத்தில் சில நாள் நடந்து பார்க்கட்டும். கருவிகள் கிடைக்கும் சர்வே எண்கள் ஒரு வரைபடமாக வி.ஏ.ஓ. ஆபீசில் தொங்கட்டும். கேட்பது இவ்வளவுதான். இதனால் எந்தத் தொழிற்சாலை படுத்துவிடும்?

பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறை 1985ல் அமைத்த தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய் ஏரிக்கரையில் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் அதையும் எட்டிப் பார்க்கலாம். அப்படியே அத்திரம்பாக்கம் பக்கமும் போகலாம். ஆனால் ஒன்று மக்களே, கீழே கிடக்கும் கல்லை ஞாபகார்த்தமாகப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். லாரி செய்வதும் அதைத்தான், கொஞ்சம் பெரிய அளவில்.