திருவழிபாடும் நடுச்சுவரும்



‘பூசை கண்டாயா?’ என்று வினவுவது நம் பெரியோரின் வழக்கம். குருவானவர் இலத்தீனில் மன்றாட, மக்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அச்சொல் பொருத்தமாகவே இருந்தது. ஆயினும் திருவழிபாடு காண்பதற்குரியதன்று, கூடிச் செய்வதற்குரியது. அதனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலேயே மக்கள், பணி என்னும் இரு சொற்கள் அடங்கியுள்ளன. பண்டைக் கிரேக்க நகரங்களில் பொதுநன்மைக்காக ஆற்றப்பட்ட பணிக்கு அதுவே பெயர்.

1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. ஆதரித்த வாக்குகள் 2147, எதிர்த்தவை நான்கே. அவ்வேடு தாய்மொழி வழிபாட்டுக்கு வாயில் திறந்ததை நாம் நன்கு அறிவோம். அதன் 32-ஆம் பிரிவையோ பலரும் அறியோம். திருப்பணியாளருக்கும் அரசு அதிகாரிகளுக்கும் மரபுப்படி உரிய மதிப்பைத் தவிர, வழிபாட்டில் எந்த ஆளுக்கும் எந்த வகுப்புக்கும் தனிச்சிறப்புக் காட்டலாகாது என்பது அதன் கருத்து.

இக்கருத்தின் ஆழத்தை நம் நெல்லைச் சீமையின் வரலாறே உணர்த்தும். 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம், 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் வடக்கன்குளம். அவ்வூரில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தில், பீடத்தினின்று இரு மண்டபங்கள் சாதிக்கொரு பக்கமாகப் பிரிந்தன. நடுவே சுவர் நின்றது. பீடம் ஒன்று, அப்பம் ஒன்று, மக்களோ இரண்டு! 1910-இல் கௌசானல் அடிகளார் அச்சுவரை அகற்றினார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் சுவர் மீண்டும் எழவில்லை.

சுவர் நின்ற நாட்களிலும் பூசை முறைப்படியே நடந்தது. செபங்களில் குறையில்லை, பாடலில் குறையில்லை. எனினும், செல்வர் உண்டு களிக்க வறியவர் பசித்திருந்த கொரிந்து சபையின் விருந்தை ஆண்டவரின் விருந்தென ஏற்கப் பவுலடியார் மறுத்தாரே! அவருடைய அளவுகோல் நமக்கும் உரியதன்றோ?

வீரகேரளம்புதூரருகே அனுமன் நதி சிற்றாற்றுடன் கலக்கிறது. கலந்தபின் இது அந்த நீர், இது இந்த நீர் என்று பிரிப்பார் யார்? ஒரே ஞானஸ்நானத் தண்ணீரில் கலந்த நாம் மட்டும் பிரிந்து நிற்பது தகுமா? கல்லறைத் தோட்டத்திலும் தேரோட்டத்திலும் சில ஊர்களில் இன்னும் சுவர் உண்டு. திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை இந்திய ஆயர் பேரவையும் 2016-இல் ஒப்புக்கொண்டது.

வரும் ஞாயிறன்று சமாதானம் தெரிவிக்கக் கைகூப்பித் திரும்பும்போது, எதிரே நிற்பவரை நோக்குவோம். அவர் வீட்டில் நாம் என்றேனும் கை நனைத்ததுண்டா? நம் வீட்டுப் பந்தியில் அவருக்கு இலை போட்டதுண்டா? இல்லையெனில், ஆலயத்தில் இடிந்த சுவர் நம் முற்றத்தில் இன்னும் நிற்கிறது. அதை இடிப்பதும் திருவழிபாடே.